கிரேன்காரியின் பேச்சைக் கேட்காத நெஞ்சு

இரும்புப் பட்டறையில் அவளுக்குக் கிரேன்காரி என்றுதான் பேர். கூரையடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, யானை கனமுள்ள தகட்டுச் சுருளைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இறக்கி வைப்பாள். கைப்பிடியைத் தள்ளினால் போகும், இழுத்தால் வரும். உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்பது அவள் எண்ணம். அவள் புருஷன் தையல்காரர். பாவம், அவரும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

வருஷா வருஷம் நடக்கிற உடல் சோதனையில்தான் வம்பு வந்தது. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றியதுமே நெஞ்சு படபடவென்று அடித்தது, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அளவு எகிறிவிட்டது. மதியத்துக்குள் இறங்காவிட்டால் கூண்டில் ஏற விடமாட்டார்கள். கிடங்கில் உட்கார்ந்து திருகாணி பிரிக்க வேண்டியதுதான். விடுவாளா? இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, மூச்சை அடக்கி, நெஞ்சை உள்ளுக்குள்ளேயே அதட்டினாள். அளவு இன்னும் ஏறியது.

நர்ஸ் சின்னப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அக்கா, நெஞ்சு, வயிறு, குடல் எல்லாத்தையும் ஓட்டுற நரம்பு தனியா இருக்கு. நீங்க தூங்கினாலும் அது தூங்காது. அதுல ரெண்டு பிரிவு. பயந்தா ஒண்ணு நெஞ்ச விரட்டும், நிம்மதியானா இன்னொண்ணு அடக்கும். நீங்க முஷ்டிய முறுக்கினா, சண்டைக்குக் கிளம்பிட்டீங்கன்னு நெனச்சுக்கும்."

"அப்ப அது யார் பேச்சத்தான் கேக்கும்?"

"அதட்டினா கேக்காது. மூச்ச மெதுவா, நீளமா விட்டுப் பாருங்க, கொஞ்சம் கேக்கும்."

கிரேன்காரிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. தன் உடம்புக்குள் தன்னைக் கேட்காமல் ஒரு நிர்வாகமா? முணுமுணுத்துக்கொண்டே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, துணைக்கு வந்திருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மூச்சையும் நீளமாக விட்டுப் பார்த்தாள்.

அவர் நிதானமாகக் கேட்டார். "உனக்குள்ளயே இருந்துக்கிட்டு உன் பேச்சக் கேக்காம ஒண்ணு தப்பிச்சிருக்கா? அது எப்படின்னு எனக்கும் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்து, கதை பேசி, பேச்சும் ஓய்ந்த நேரத்தில், காலையிலிருந்து கல்லாகக் கிடந்த வயிறு கடமுடவென்று உருண்டது. பெஞ்சே திரும்பிப் பார்த்தது. அவள் கைப்பையை வயிற்றில் அமுக்கிக்கொண்டாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பசிக்குதாக்கா? அப்ப வாங்க, இதான் நேரம். பயம் போனாத்தான் வயிறு வேலைக்குத் திரும்பும்."

இந்தத் தடவை அவள் எதையும் அதட்டவில்லை. சாப்பாட்டை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். அளவு ஒழுங்காக நின்றது. மறுபடி பார்த்தும் அதேதான். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"நான்தான் எறக்கினேன்" என்று புருஷனிடம் அடித்துச் சொன்னாள். கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கூண்டுக்குப் போகும் ஏணியில் ஏறினாள்.