பொருத்திப் பார்க்கிறவர்

தூண்களுக்கு ஒரு வரைபடத் தாள், அதன்மேல் பீம்களுக்கு ஒரு தாள், அதற்கும் மேல் தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. அடியில் விளக்கெரியும் மேசையில் மூலைக்கு மூலை சேர்த்துவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிகிறார். மூன்று பேர் மூன்று அறைகளில் வரைந்தது ஒரே கட்டடமாக நிற்குமா என்று பார்ப்பது அவர் வேலை. "தனியா பாத்தா எல்லாம் தங்கம். சேத்து வெச்சாதான் சண்டை தெரியும், நம்ம வீடு மாதிரி" என்பார்.

விருந்துக்குப் போனாலும் அண்ணாந்து பார்க்காமல் உட்கார மாட்டார். "சாப்பிட வந்தீங்களா, சீலிங்க எண்ண வந்தீங்களா?" என்று மனைவி இடிப்பாள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒருமுறை பொருத்திப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் அது. முதலாளி பக்கத்திலேயே நின்றார். "எல்லாம் கெட்டிக்காரங்க வரைஞ்சது. கையெழுத்தப் போடுங்க, கொண்டுபோக ஆள் காத்திருக்கான்." போட்டுவிட்டார்.

கழிவறைக் குழாய் போக வேண்டிய இடத்தில் பீம் இருந்தது. குழாய் வேலைக்காரப் பையன் தன் தாளில் உள்ளபடி பீமை உடைத்தான். தளம் அவன்மேலேயே இறங்கியது. வயது இருபத்திரண்டு.

"என் தாள்ல தப்பே இல்ல" என்கிறார்கள் வரைந்த மூவரும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது உண்மை.

இன்று விசாரணை. முதலாளி டைப் அடித்துக் கொடுத்த வாக்குமூலம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது: பொருத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது, வேலையாள் கேட்காமல் உடைத்துவிட்டான். கையெழுத்துப் போட்டால் வேலை போகாது. "ரெண்டு பொண்ணு இருக்கு நமக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள் மனைவி.

விசாரணை அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெரியவர் மடியில் பையோடு இருந்தார்.

"நீங்களும் அந்தக் கட்டடத்து ஆளா தம்பி?"

"ஆமாங்க."

"செத்தது என் பையன். கேக்காம உடைச்சிட்டான்னு சொல்றாங்க. சொன்ன வேலைய மீற மாட்டான் அவன்." பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க, நேரமாகும்."

அவர் உட்காரவில்லை.

"உங்க பையன் மேல தப்பில்லைங்க. நான்தான் தாளப் பொருத்திப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். உள்ளயும் அதத்தான் சொல்லப் போறேன்."

பெரியவர் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மடியிலிருந்த பையை எடுத்து, அவருக்காக விட்ட இடத்தில் வைத்துக்கொண்டார்.