கறை இல்லாத படுக்கை

பனியன் கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. செக்கிங் என்பார்கள். தைத்து வந்த பனியனுக்குள் இடது கையை விட்டு விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, அக்குள் என்று நான்கு இடம் பார்க்க வேண்டும். ஓட்டை, ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை, எது இருந்தாலும் பீஸை ஒதுக்கிவிடுவேன். அந்தக் காலத்தில் திருப்பூரில் வெள்ளைப் பனியன்தான் ஓடியது. வெள்ளையில் கடுகளவு கறையும் கண்ணில் குத்தும். என் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்வார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. தையல்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுவும் எனக்குப் பிடித்தே இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் என் அக்காளுக்கு வாயில் புற்று வந்தது. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா செத்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், சோறு ஊட்டியதும், முதுகில் நாலு வைத்ததும் அவள்தான். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், பஞ்சு மில்லில் வேலை பார்த்தாள். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை போடப் பழகியவள் கடைசிவரை விடவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, "இனிச் செய்ய ஒண்ணுமில்லம்மா, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்கள். என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இடது கன்னம் உள்ளிருந்தே அழுகிக்கொண்டிருந்தது. பேச்சு போய்விட்டது. கையசைவும் கண்ணும்தான் மிச்சம்.

என் கணவர் மைசூர்ப் பக்கம் பனியன் மூட்டை கொண்டுபோய் விற்பவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். நான் வேலையை விட முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், விட மனமில்லை. அந்த நாற்றத்தோடு பகல் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அதனால் ஆள் வைத்தேன்.

முதலில் வந்தவள் வேலம்பாளையத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். சாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருந்தாள். பல வீட்டில் அவள் மடியில்தான் உயிர் போயிருக்கிறது என்று சொன்னார்கள். ஆளைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. சேலை ஓரம் எப்போதும் ஈரம். முன்கையில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நான் அக்காளின் கட்டிலைச் சோதிப்பேன். முகம்கூடக் கழுவமாட்டேன். விரிப்பு, தலையணை, நகம், முதுகு என்று இங்கும் நான்கு இடம். விரிப்பில் தினமும் மஞ்சள் கறை இருக்கும். தலையணை நனைந்திருக்கும். தரையில் கஞ்சி சிந்திக் கிடக்கும். அந்தப் பெண்பிள்ளையோ, அதையெல்லாம் துடைக்காமல் அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பஞ்சு மில் கதை ஏதாவது சொல்லிக்கொண்டு, ஒரு சங்கில் தண்ணீரை எடுத்து வலது கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பாள். ஒரு டம்ளர் தண்ணீர் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். பாதி வெளியே வழியும்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பன்னி படுக்கற எடமாட்டம் வெச்சிருக்கறயே, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

அவள் கோபப்படவில்லை. "குடிச்சாச் சிந்துமுங்க அம்மணி. சிந்தாமக் குடிக்க அவிங்களுக்கு வாய் எங்கீங்க இருக்குது?" என்றாள்.

கறைக்குக் காரணம் சொல்லாத தையல்காரனை நான் பார்த்ததே இல்லை. மெஷினில் எண்ணெய் ஒழுகுது, கரண்ட் வந்து வந்து போகுது, நூல் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். அவள் எழுந்தபோது அக்காள் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புக் கைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவள் நான்தான். "சீ, விடு. அவ என்ன உன்னோட கூடப்பொறந்தவளா?" என்றும் கேட்டேன்.

அடுத்து வந்தவள் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். முப்பத்தைந்து வயது, இழுத்துச் சொருகிய வெள்ளைச் சேலை, வெட்டிய நகம். வந்த அன்றே அறையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொட்டுக் கறை இல்லை. தலையணை காய்ந்திருந்தது. அக்காளின் உதட்டில் வெண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"தண்ணி, கஞ்சியெல்லாம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா குடுத்தர்றேனுங்க. அதுக்கு மேல நீங்க ஏதுங் குடுத்துறாதீங்க. பொறை ஏறுனா அப்பவே போயிருவாங்க. ஆஸ்பத்திரில எத்தனை பேரப் பாத்துட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி என்ற சொல் போதாதா? மறு பேச்சில்லாமல் தலையாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாளிகூட ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு அக்காளைப் பார்க்க வந்தார். மூக்கைப் பொத்தத் தயாராகத்தான் வாசலில் நின்றார். உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, நம்ம பேக்கிங் ரூமே இத்தன சுத்தமா இருக்காது போல" என்று சிரித்தார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. அந்த ஆரஞ்சுப் பழங்களை நாங்கள்தான் தின்றோம்.

அக்காள் மெலிந்துகொண்டே போனாள். நோய் தின்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் நான் பக்கத்தில் போனால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துச் சாய்த்துக் காட்டுவாள். தண்ணீர் என்று குழந்தைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. "இப்பத்தான குடிச்ச, அதுக்குள்ளயா?" என்றேன். மறுபடி காட்டினால், "புரை ஏறிச் சாகோணும்னு ஆசையா?" என்று அதட்டுவேன். நாலைந்து நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மூத்திரத் துணி மாற்றுகிற வேலையே இல்லாமல் போனதையும் கவனித்தேன். அதையும் அந்தப் பெண்ணின் கைத்திறமை என்றுதான் வைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களை எத்தனை கேலி செய்திருக்கிறேன்!

ஒரு நாள் மதியம் கரண்ட் போய், திரும்ப வராது என்று தெரிந்து, கம்பெனியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வெள்ளைச் சேலைக்காரி புழக்கடையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அறை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. தரை துடைக்க, கம்பெனியில் நான் கழித்த பனியன்களைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பேன். அப்படித் துடைத்த ஒன்றைக் கட்டில் சட்டத்தில் காயப் போட்டிருந்தாள். அதை அக்காள் எப்படியோ எட்டி இழுத்திருக்கிறாள். அழுக்குத் துணியின் ஒரு முனை அவள் வாய்க்குள் இருந்தது. கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? விரிப்பில் கருப்பாக ஈரம் இறங்கியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். "கருமம், கருமம்!" என்று அவள் கையில் ஒரு அடி வைத்துத் துணியைப் பிடுங்கினேன். வரவில்லை. பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகிப்போன வாயால், அந்த வலியோடு, கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. என்னை வளர்த்தவள், தரைத்துணிக்காக என்னிடம் பயந்தாள்.

சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினேன். எனக்கு ஊற்றத் தெரியவில்லை. கழுத்தில், மார்பில், தலையணையில் எல்லாம் கொட்டியது. சீழும் ரத்தமும் கலந்து விரிப்பு நாசமானது. அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்துச் சொம்பைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் குடித்தாள் என்று எனக்கு நினைவில்லை.

வெள்ளைச் சேலைக்காரி வாசற்படியில் வந்து நின்றாள். நான் எழுந்து அவளை அறையப் போனேன். அவள் நகரக்கூட இல்லை.

"தண்ணி குடுத்தா நனையுமுங்க. நனைஞ்சா நீங்க ஏசுவீங்க. மொதல்ல இருந்தவளை எதுக்கு நிறுத்துனீங்கன்னு தெருவே சொல்லுச்சு" என்றாள். பிறகு, "தெனமும் விரிப்பத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்க. எத்தன சங்கு தண்ணி எறங்குச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் திருத்த ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரியை அக்காளுக்குத் துணை வைத்துவிட்டு வேலம்பாளையம் ஓடினேன். முதல் பெண்பிள்ளை ஒரு காலனி வீட்டில் இருந்தாள். வயிறு வீங்கிச் சாகக் கிடந்த ஒரு கிழவருக்குக் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தாள். அறை நாறியது. விரிப்பெல்லாம் கறை. கிழவர் கஞ்சி உப்பில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவளும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே ஊட்டினாள். நான் அவள் காலில் விழுந்தேன்.

"எந்திரிங்க அம்மணி. இவரை உட்டுப்போட்டு எப்பிடீங்க வாரது?" என்றாள். அக்காள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த சங்கை ஒரு நிமிடம் கீழே வைத்தாள்.

"வலது கன்னத்து ஓரமா உடுங்க. அவசரப்படாதீங்க. சிந்துனாச் சிந்தட்டும்" என்றாள். சங்கை மறுபடி எடுத்தாள். கிழவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் நானே சங்கில் தண்ணீர் விட்டேன். முதல் நாள் சிந்தியது. இரண்டாம் நாள் கொஞ்சம் பழகியது. அக்காள் குடித்தாள், ஆனால் ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கை மட்டுமே பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்திலேயே நின்றது. புற்று கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். என் கணவரிடமும் நான் அப்படியே சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால், செய்தது தெரியாமல் செய்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன்.

காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிச் சில வாரம் ஆகியிருக்கும். முதலாளி செக்கிங் மேஜைக்கு வந்தார். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவருடைய அம்மாவுக்குக் கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோயிருந்தது. அந்த அம்மாவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்குக் கம்பெனிக்கு வந்து, ஒவ்வொருத்தி பேரையும் ஞாபகமாகச் சொல்லி, தன் கையால் பலகாரம் கொடுப்பார்.

"அம்மணி, உன்ற அக்காளப் பாத்துக்கிட்டாளே அந்த ஆஸ்பத்திரிப் பொம்பள, அவளையே அம்மாவுக்கு வெச்சரலாம்னு பாக்கறேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். உனக்குத்தான தெரியும். ஆளு எப்படி?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. என் அக்காளைத் தாகத்தில் போட்டு வாட்டினாள், வைக்காதீங்க. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது நீ எங்கே போனாய் என்று வரும். தினமும் பார்த்தேன், பார்த்துப் பார்த்துச் சரியென்று சொன்னேன் என்று, அத்தனை பெண்கள் முன்னால், என் வாயால் சொல்ல வேண்டும். மேஜையில் எல்லாக் கையும் நின்றிருந்தது.

"நல்லாப் பாத்துக்குவாளுங்க. படுக்கைல ஒரு கறை இருக்காதுங்க" என்றேன்.

"நீயே பாஸ் பண்ணிட்டயில்ல, அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த அம்மா பதினெட்டு நாள் இருந்தார்.

தீபாவளிக்கு முதலாளி எனக்கு மட்டும் தனியாக ஒரு பட்டுச் சேலை கொடுத்தார். "அம்மாவ அத்தன சுத்தமா வழியனுப்பி வெச்சதுக்கு நீதான் காரணம் அம்மணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பண்டிகையன்று அதைத்தான் கட்டினேன்.