அம்மாவின் பறியில் நான் போட்ட இறால்

எங்கள் வீட்டில் இறாலைக் கையால்தான் பிடிப்போம். வலை போட்டு எவரும் பிடிக்கலாம். நாங்கள் இடுப்புத் தண்ணீரில் நகர்ந்து, சேற்றை விரலால் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்விய ஓலைக்கூடையான பறிக்குள் போடுவோம். வாயில் கவ்வுகிற பறி எச்சில். ஒருவர் பறியை இன்னொருவர் தொடமாட்டோம். கடலோடு சேர்ந்த எங்கள் உப்பேரிக் கரையில் என் அம்மாவின் கைக்கு ஈடு கிடையாது. ஒல்லாந்தர் கோட்டைச் சமையலுக்கே அவள் பிடித்த இறால்தான் போகும்.

அந்தக் கையில் ஒருநாள் திருக்கை மீனின் முள் ஏறிவிட்டது. அப்போதும் பறியை விடாமல் கடித்துக்கொண்டேதான் கரையேறினாள்.

புண் ஆறியது. ஆனால் தண்ணீரைக் கண்டாலே கை நடுங்கியது. பிறகு கோட்டையில் பீரங்கி வெடித்தால் நடுங்கினாள்; நாங்கள் பிறந்தது முதல் கேட்கிற சத்தம் அது. பிறகு நைனா இருமினாலும் நடுங்கினாள். முகத்துவாரத்து மணல் ஒருமுறை உடைந்தால் கடல் அந்த வழியாகவே உள்ளே வரும் அல்லவா, அப்படி அவள் தலைக்குள் பயம் ஒரு வழி பண்ணிக்கொண்டது. இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஏழு வயது. கடைசியில் நடுக்கமும் நின்றது. தலை வாராமல், கஞ்சி குடிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"புண்ணு ஆறிப்போச்சில்ல, இன்னும் இன்னா?" என்றார் நைனா.

"மகாராணி பல்லக்குக்குக் காத்துனு கீறா," என்றாள் அத்தை.

நாளைக்கும் எழாவிட்டால் அம்மாவை அவள் பிறந்த பசியாவரத்துக்கே தோணி ஏற்றி அனுப்பிவிடுவதென்று பேசிக்கொண்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக நானே ஏரியில் இறங்கினேன். காலில் எது பட்டாலும் திருக்கைதான் என்று உடம்பு சில்லிட்டது. கிடைத்த ஒரு கை இறாலை அம்மாவின் பறியில் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன்.

"பாத்தியா, தானா போய்ட்டு வந்துட்டா!" என்று நைனா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தன் கையை முகர்ந்து பார்த்தாள். "நான் எப்போ போனேன்?" என்று கேட்டாள். அவள் பறியை வேறு யார் தொடுவார்கள்? எச்சில் பறியைத் தொட்டதற்கு அடி விழும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அனுப்புகிற பேச்சு நின்றது. ஆனால் அன்றுமுதல் அம்மா படுக்கும்போதெல்லாம் தன் காலை என் காலோடு கயிற்றால் கட்டிக்கொண்டாள். "நான் தூக்கத்துல எழுந்து போனா உனுக்குத் தெரியணும்டி," என்றாள். அம்மாவுக்கு என்மேல் இத்தனை ஆசையா என்று நான் பூரித்துப்போய், கணுக்காலில் பதிந்த தடத்தைத் தெருவெல்லாம் காட்டித் திரிந்தேன்.