பேர்ளக்கா கிண்டிய புல்வெளி

காலை ஆறரை மணிக்குப் பேர்ளக்கா கோயில் வளவுப் புல்லில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார். கையில் நீளத் தடி, அதன் நுனியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டத் தட்டு, காதில் இரண்டு பெரிய மூடி. பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்ற வந்த நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். முந்தின நாள் திருவிழாச் சாப்பாட்டின்போது அனோஜினியின் தோடு எங்கேயோ விழுந்துபோயிருந்தது. கலியாணத்துக்கு மாமியார் போட்ட தோடு. எல்லார் முன்னாலும் மாமியார் பேசிய பேச்சில் அந்தப் பிள்ளை சாப்பிடாமலே வீட்டுக்குப் போனாள்.

முக்கால் மணி நேரத்தில் பேர்ளக்கா குனிந்து எதையோ எடுத்து உடுப்பில் துடைத்தார். கோயிலுக்குள் போய் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தார். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. பூசைக்கு வந்த அனோஜினியிடம், "பிள்ளை, ஒருக்கா அந்தோனியாரிட்டக் கேட்டுப்பார்" என்று மட்டும் சொன்னார். காலடியில் தோட்டைக் கண்டு மருமகளும் மாமியாரும் கட்டிப்பிடித்து அழுது, அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்த்திக்கு ஐம்பது பாண் ரொட்டி கொடுத்தார்கள். வரிசையில் நின்று பேர்ளக்காவும் ஒரு பாண் வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. மன்னார்க்காரி. வயோதிபர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. மெசினுக்குள் போட முன் ஒவ்வொரு பொக்கெற்றாகத் தடவிப் பார்க்கவேண்டும். சில்லறை வரும், இனிப்பு வரும், ஒரு நாள் பல்லுச்செட்டே வந்தது. "அப்பிடித் தடவித் தடவித்தான் எனக்கு இந்த வருத்தம் தொத்தினது. நிலத்துக்கும் பொக்கெற் இருக்கு, தெரியுமோ?" என்பார். மெட்டல் டிடெக்டருக்கு அவர் வைத்த பெயர் நாய். இரும்பைக் கண்டால் குரைக்குமாம்.

சனிக்கிழமைகளில் நாயையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, நாங்கள் இருக்கிற கிரவீனிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் ஓடி, கென் என்ற கிழவருடைய மாட்டுப் பண்ணைக்குப் போவார். தேத்தண்ணிப் போத்தல் தூக்குவது என் வேலை. பேர்ளக்கா வேலிக்கு வேலி நடப்பார். ஒரு வேலியிலிருந்து மறு வேலிக்குச் சரியாகப் பத்து அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடியும். திரும்பும் இடத்தில் ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும். ஐந்து வரிசை முடிந்தால் ஒரு செபமாலை முடிந்தது. முடிந்த வரிசைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் சரி அடையாளம் போடுவார்.

கிடைப்பது என்ன? கங்காரு போட்ட பழைய பென்னி, ராசா தலை தேய்ந்த காசு, குதிரை லாடம். அதைவிடப் பத்து மடங்கு பியர் டின் மூடி. எல்லாவற்றையும் கழுவிக் கென்னுக்குக் காட்டுவார். "கென், இது நீ குடிச்சதோ, உன்ர அப்பர் குடிச்சதோ?" தமிழிலேதான் கேட்பார். கென் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். இருவருக்கும் விளங்கிவிடும்.

பண்ணைக்குப் போன முதல் நாள் கூத்தைச் சொல்லவேண்டும். புது வாகனம் வாங்கினால் சுவாமியாரைக் கொண்டு மந்திரித்து மெடல் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பேர்ளக்கா நாயையும் மந்திரித்து, அந்தத் தட்டிலேயே நூலில் அந்தோனியார் மெடலைக் கட்டிவிட்டார். கென் வீட்டடியில் தொடங்கியதும் நாய் ஓயாமல் குரைத்தது. இருபத்துமூன்று இடம் கிண்டினார். ஒரு ஆணிகூட இல்லை. பிறகு கிண்டுவதை விட்டு, கோபத்தில் மூன்று வரிசை சும்மா நடந்தார். தேத்தண்ணி குடிக்க இருந்தபோதுதான் ஆடிக்கொண்டிருந்த மெடலைக் கண்டார். "அந்தோனியாரே, உம்மையே காட்டிக்கொண்டு நிண்டனீரோ!" என்று நெஞ்சில் அடித்துச் சிரித்தார்.

கென்னுக்கு ஒரு கவலை இருந்தது. நாற்பது வருசத்துக்கு முன், கேட்காமல் ஒரு காளை வாங்கினாரென்று அவர் மனைவி ஷெர்லி கலியாண மோதிரத்தைக் கழற்றிப் புல்வெளிக்குள் எறிந்துவிட்டார். பிறகு இருவருமாக ஒரு கிழமை தேடியும் கிடைக்கவில்லை. இப்போது நிலம் வீடு கட்ட விற்றாகிவிட்டது. திங்கட்கிழமை புல்டோசர் வரும். இவர்கள் ஒரு அடுக்குமாடி பிளாட்டுக்குப் போகிறார்கள். வெறும் விரலோடு அவளைக் கூட்டிக்கொண்டு போக மனமில்லை என்று கென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். ஷெர்லி வேண்டாம் வேண்டாம் என்பார். ஆனால் நாங்கள் போனால் யன்னலை விட்டு அசையமாட்டார். "எறியிறதெண்டா பீங்கானை எறியவேணும். மோதிரத்தை ஆரும் எறிவினமோ?" என்று பேர்ளக்கா என்னிடம் முறைப்பட்டார்.

போன சனிக்கிழமை கடைசி நாள். பின்னேரம் நாலு மணிக்குக் கடைசி வரிசையும் முடிந்தது. மோதிரம் இல்லை. பேர்ளக்கா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து கொப்பியைப் புரட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. திடீரென்று துள்ளி எழும்பினார்.

"எடியே, வீட்டடி மூண்டு வரிசை! நாய் குரைச்சதெல்லாம் மெடலுக்கெண்டு நினைச்சுப்போட்டன். சும்மா நடந்து நடந்து சரி போட்டிருக்கிறன்!"

இரண்டாம் வரிசை, ஆறாவது அருள்நிறைந்த மரியே. நாய் குரைத்தது. நாலு விரல் ஆழத்தில் மோதிரம் நேற்று விழுந்ததுபோல மின்னியது.

பேர்ளக்கா ஓடிப்போய் அதைக் கென்னின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பொத்தினார். "நீதான் எடுத்தனி எண்டு சொல்லு. யூ ஃபைன்ட், கென். ஓகே?"

கென் உள்ளே போனார். ஷெர்லி மோதிரத்தைப் பார்க்கவில்லை. முதலில் கென்னின் கையைத்தான் பார்த்தார். விரலில் துளி மண் இல்லை. யன்னலுக்கு வெளியே முழங்கால் வரை மண்ணோடு நின்ற பேர்ளக்காவைப் பார்த்தார். பிறகு கென்னின் தோளில் ஒரு அடி போட்டுச் சிரித்தார், அழுதார். போட்டபோது மோதிரம் ஷெர்லியின் விரல் கணுவில் சிக்கி நின்றது. கென் அதைச் சின்ன விரலில் போட்டுவிட்டார்.

இருவரும் வாசற்படலை வரை வந்து எங்களை வழியனுப்பினார்கள். காரில் ஏறப்போன பேர்ளக்கா சட்டென்று நின்றார். ஓடின அவசரத்தில் மோதிரத்துக்குக் கிண்டின கிடங்கை மூடாமல் விட்டிருந்தார். மண்வெட்டியோடு திரும்பி நடந்தார். விடு பேர்ள், திங்கட்கிழமை முழுக்கக் கிண்டப்போகிறார்கள் என்று கென் கத்தினார்.

பேர்ளக்கா முழங்காலில் நின்று மண்ணைக் குழிக்குள் தள்ளி, வெட்டின புல்லை அதன் இடத்திலேயே பொருத்தி, உள்ளங்கையால் தட்டி, தண்ணிப் போத்தலில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றினார். எழும்பிப் படலையைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்:

"மெசின் கிண்டிறது மெசின்காரன்ர கிடங்கு, கென். இது என்ர. போட்டு வாறன்."