ரேகை முளைத்த நாட்கள்

மாணிக்கம்மாளின் பத்து விரல்களிலும் ரேகை இல்லை. எல்லாவற்றையும் முந்திரி தின்றுவிட்டது. நெய்வேலிக்கு வெளியே ஒரு கொட்டகையில் முப்பது வருஷமாகக் கொட்டை உடைக்கிறாள். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை உரித்துவிடும். புதுத் தோல் வருவதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடும். அவள் அதற்காகக் கவலைப்பட்டதே இல்லை. ரேகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஜோசியமா பார்ப்பது?

கவலையைத் தொடங்கி வைத்தவர் ரேஷன் கடை ராஜேந்திரன்.

“அக்கா, போன் நம்பர வச்சி இத்தினி நாளு ஓட்டியாச்சு. இந்த மாசத்துக்குள்ள ரேகை பதியலேன்னா கார்டுல பேரு நிக்காதுன்றாங்க. உங்க கார்டுல இருக்கிறதே ஒரு பேருதான்.”

புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் குறிஞ்சிப்பாடிக்கு வாக்கப்பட்டுப் போன பிறகு, அந்த ஒற்றைப் பெயருக்கு வரும் அரிசியில்தான் அவள் உலை கொதிக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். மிஷின் மசியவில்லை. இத்தனை வருஷம் உழைத்தவளைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்க அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!

கை எரிச்சலுக்கு மருந்தாவது வாங்கலாம் என்று துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள். “உங்க பேர்ல ஒரு ஹெல்த் நம்பர் போடணும்மா, வெரல வைங்க” என்றாள் நர்ஸ் பவித்ரா. விரலைக் காட்ட வந்தவளிடமே விரலைக் கேட்டதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன் நம்பரை வைத்தே பதிந்து, பவித்ரா டேப்லெட்டைத் திருப்பி வைத்தாள். கடலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா அதில் தெரிந்தார். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

“களிம்பு எழுதித் தரேன்மா. ஆனா பதினஞ்சு நாள் முந்திரியத் தொடக் கூடாது. ரேகை தானா வந்துடும்.”

“நான் இன்னா செய்யணும்ங்க?”

“ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க.”

சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். சொன்னவர்களுக்கு மறுநாள் சோறு நிச்சயம் இருந்திருக்கும். முதல் இரண்டு நாள் மாணிக்கம்மாளின் கை தன்பாட்டுக்குக் காற்றில் கொட்டை உடைத்தது. மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டாள். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் வெள்ளை ஆவி எழுந்து எழுந்து மேகத்தில் கலந்தது. எது ஆவி, எது மேகம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே பட்டப்பகலில் தூங்கிப்போனாள்.

கனவில் அவள் உள்ளங்கை விரிந்துகொண்டே போனது. டவுன்ஷிப் ரோடுகளைப் போல நேர் நேரான ரோடுகள், இருபுறமும் மரங்கள். அவள் வெறுங்காலோடு நடந்தாள். எந்த குவார்ட்டர்ஸ் வாசலிலும் யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. மறுநாளும் அதே கனவு வராதா என்று மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள்.

“மொளைச்சிடுச்சாடி?” என்று பக்கத்து வீட்டு செசிலியா தினமும் கஞ்சியோடு வந்து விசாரித்தாள்.

“மெல்லிசா இன்னாமோ தெரியுது.”

ஒருநாள் முகம் கழுவும்போது தன் கை தன் கன்னத்தில் உறுத்தவில்லை என்று கண்டாள். கூலி இல்லாத அந்தப் பதினைந்து நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் கடையில் கட்டைவிரலை மிஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். இடது மோதிர விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்து, திரையில் அவள் பெயர் வந்தது.

“பதிஞ்சிடுச்சுக்கா!” என்று ராஜேந்திரன் கத்தினார். அவள் அழுதேவிட்டாள். “இனிமே போன் நம்பர்லாம் செல்லாது. மாசாமாசம் இந்த வெரலத்தான் வைக்கணும்.”

மறுநாள் கொட்டகையில் மேஸ்திரி சுபாஷ் அவள் கையைப் பார்த்தான். இடது மோதிர விரலில் மட்டும் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

“இன்னாக்கா, அடி பட்டுடுச்சா? கட்ட அவுத்துட்டு ஒடைங்க, வேலையே ஓட மாட்டேங்குது.”

மாணிக்கம்மாள் அடுத்த கொட்டையை எடுத்தாள்.

“அடியெல்லாம் இல்ல தம்பி. மத்த ஒம்போதும் உன்னுது. இது மட்டும் என்னுது.”