மூன்று முறை அறுத்த கேட்

அப்துல் கஃபாரைப் பாதி ஆள் என்று சொன்னவன் வெளியாள் இல்லை. அவர் மனைவி சித்திகாவின் கூடப்பிறந்த தம்பி சுஃபியான்.

கஃபாருக்கு ஐம்பத்து நான்கு வயது. கிழக்குத் தாம்பரத்தில் இருபத்தாறு வருடமாக வெல்டிங் பட்டறை. சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவர் செய்த ஒரு ஜன்னல் கம்பியாவது கண்ணில் படும். பட்டறையில் அவருக்கு வலது கை சுஃபியான். பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வேலையில் இருக்கும்போதே கஃபார் கண் இருட்டி விழுந்தார். அவரை அள்ளிப்போட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே சுஃபியான்தான்.

நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு முப்பதாக இறங்கியிருந்தது. மறுநாளே இடது தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. கனம் தூக்காதீங்க. அப்புறம், வெல்டிங் இனிமே வேணாம், அந்தக் கரண்டு பேஸ்மேக்கரக் குழப்பிடும். யாராவது செஞ்சாலும் பத்தடி தள்ளி நில்லுங்க."

கடைசியில் சொன்னதை மட்டும் கஃபார் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வீட்டில் சித்திகாதான் குளிப்பாட்டிவிட்டாள். காயத்தில் தண்ணீர் படாமல் வலது பக்கமாக ஊற்றுவாள். சட்டையைப் போட முதலில் இடது கையை மெல்ல நுழைக்க வேண்டும். தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி புடைத்துக்கொண்டிருந்ததை அவர் தொடவே மாட்டார். பகலில் படுத்திருக்கும்போது துடிப்பு காதில் கேட்கும். இது நம்முடையதா, மெஷினுடையதா என்று யோசித்து வியர்த்துப்போவார். சோறு இறங்கவில்லை. பிளாஸ்டிக் வாளியைக்கூட வலது கையால் தொடப் பயந்தார்.

பத்தாவது நாள் டெபோரா பார்க்க வந்தாள். மாடம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற கம்பெனியில் சைட் இன்ஜினியர். பட்டறைக்குப் பல வருடமாக வேலை கொடுப்பவள்.

"பாய், பட்டறைய சுஃபியானுக்கே விட்டுட்டீங்களாமே? இனிமே எல்லாம் எங்கிட்ட பேசுங்க, மச்சான் பாதி ஆளாயிட்டாரு, அவரத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னாரு."

கஃபார் சித்திகாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டெபோரா போனபிறகு எல்லாம் வெளியே வந்தது. பட்டறையின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்திருந்தது. கஃபார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே இடத்துக்காரரிடம் போய் சுஃபியான் தன் பெயரில் புதிதாக எழுதிக்கொண்டுவிட்டான். போர்டில் கஃபார் பெயர் மேல் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே. உடம்பு தேறட்டும்னுதாங்க சொல்லல."

"அப்ப சீக்கிரம் தேறிடணும்," என்றார் கஃபார்.

அன்று சாயங்காலமே எழுந்து நடந்தார். முதல் நாள் தெருமுனை வரை. ஒரு வாரத்தில் கேம்ப் ரோடு வரை. டாக்டர் மனதுக்குப் பிடித்த எதையாவது நினைத்துக்கொண்டு நடக்கச் சொல்லியிருந்தார். கஃபார் சுஃபியானை நினைத்துக்கொண்டு நடந்தார். அவன் கால் ஒடிய வேண்டும், கை முடங்க வேண்டும், பட்டறையில் ஈ ஓட்ட வேண்டும் என்று அடிக்கு ஒரு சாபம். தொழுகையில் அந்தப் பெயர் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து வேகமாக ஓதி முடிப்பார்.

மூன்றாம் மாதம் டெபோராவுக்கு அவரே போன் செய்தார். "மேடம், என்னால வெல்டு வைக்க முடியாது. வச்சது சரியா தப்பான்னு சொல்ல முடியும். உங்க சைட்டுக்கு அப்படி ஒரு ஆளு வேணுமா?"

வேண்டியிருந்தது. இரும்பு வேலை முழுவதையும் பார்த்துத் தேறியதா என்று சொல்கிற பொறுப்பு அவருக்கு. சைட்டின் மெயின் கேட் செய்ய ஏற்கனவே ஆர்டர் வாங்கியிருந்தவன் சுஃபியான். அது தெரிந்துதான் கஃபார் போன் செய்திருந்தார்.

கேட்டை மாட்டிய அன்று அவரைப் பார்த்ததும் சுஃபியான் முகம் வெளுத்தது. "இன்னா மச்சான், நீங்க இங்க?"

கஃபார் கேட்டை ஒட்டி வந்து நின்றார். நேராக நிற்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பிறகு, "மேல் கீல்ல வெல்டிங் ராடு சரியா உருகல. பெயின்ட் அடிச்சி மறைச்சிருக்க. அறு," என்று கையை நீட்டிக் காட்டினார். நீட்டியது இடது கை. தலைக்கு மேலே போயிருந்தது. ஆறு வாரம் தாண்டியும் இரண்டு மாதமாக விலாவோடு ஒட்டி வைத்திருந்த கை அது. வலிக்கவில்லை.

இரண்டாவது முறை கேட் ஒரு பக்கம் அரை விரல் சாய்ந்திருந்தது. அதையும் அறுக்கச் சொன்னார். இரண்டுமே உண்மையான குறை. யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது முறை கேட் அப்பழுக்கில்லாமல் நின்றது. ரசமட்டத்தில் நீர்க்குமிழி நட்டநடுவில். கஃபார் அதை நிதானமாகப் பார்த்தார்.

"தேறல. அறு."

சுஃபியான் கிட்டே வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மச்சான், நேராத்தான் கீது. உங்களுக்கே தெரியும்," என்றான்.

"தெரியும். அறு."

"ஊர் முன்னாடி என்ன அசிங்கப்படுத்துறீங்க."

"பாதி ஆளு சொல்றதுக்கெல்லாம் எதுக்குடா கவலப்படுற?"

சுஃபியான் திரும்பி நடந்தான். கட்டிங் மெஷினை எடுத்தான். கஃபார் ஒரு நாற்காலியை இழுத்துப் பத்தடிக்கு அப்பால் போட்டு உட்கார்ந்தார். ஆடி வெயிலில் அவன் அறுத்து, தேய்த்து, மறுபடி வைத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நான்காவது முறை, "தேறிச்சு," என்று ஒரே வார்த்தை சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சித்திகா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொத ரெண்டு தடவ சரிங்க. மூணாவது அநியாயம். அவன் என் தம்பி."

"அநியாயந்தான்," என்றார் கஃபார். "குழம்பு ஊத்து."

ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக அன்று அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சித்திகா பரிமாறினாள். ஆனால் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பெருநாளுக்கு சுஃபியான் அக்காவைப் பார்க்க வந்தான். போர்டில் மச்சான் பெயரையே மறுபடி எழுதிவிட்டதாகச் சொன்னான். "அழிச்சிடு. பட்டற இப்ப உன்னுது," என்றார் கஃபார். பிரியாணித் தட்டை மட்டும் அவன் பக்கம் நகர்த்திவைத்தார்.