செல்லாத ஓட்டும் ஊர்க் கிணறும்

தேர்தல் என்றால் எனக்குத் தலைகால் புரியாது. அதை ஒரு வியாதி என்றே என் வீட்டில் சொல்வார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. மத்தியானச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு ஓடுவேன். பேப்பரை உரக்கப் படித்து, கேட்பவர்களோடு சண்டையும் போடுவேன். இத்தனைக்கும் காரணம் தண்ணீர்தான். கன்னிவாடிப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்க் கிணற்றில் எங்கள் தெருக்காரர்கள் கயிறு போடக்கூடாது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேலத் தெருப் பெண் யாராவது மனம் வைத்து இறைத்து ஊற்றினால்தான் உண்டு. என் மனைவி அப்படி வெயிலில் நிற்பதை ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் தெருவுக்கென்று ஒரு கிணறு வேண்டும், அதைக் கேட்டு வாங்கப் பஞ்சாயத்தில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறிய பித்து.

ஐம்பதுகளில் வேட்பாளர் ஆளுக்கொரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். எங்கள் ஆட்களில் பலர் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாங்கள் கூலிக்குப் போகும் மேலத் தெருத் தோட்டக்காரரின் ஆள் வேப்பமரத்தடியில் நின்று அதை வாங்கிக்கொள்வான். பிறகு அத்தனையும் அவர் சொல்லும் பெட்டிக்குள் போய்விடும். கொடுக்காவிட்டால் மறுநாள் களையெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். இந்தப் பெட்டி முறை ஒழிந்தால்தான் விடிவு என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அறுபத்திரண்டில் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தும் முறை வந்தபோது, இனி எவனும் எங்கள் ஓட்டைத் திருட முடியாது என்று பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குச் சில வருடங்கள் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல். எங்கள் வார்டில் அந்தத் தோட்டக்காரருக்குக் குடை. அவரை எதிர்த்து என் பெரியப்பா மகன் மண்வெட்டிச் சின்னத்தில் நின்றார். வார்டில் எங்கள் தலைகள்தான் அதிகம். தோற்க வழியே இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, கரைத்த அடுப்புக்கரியில் தொட்டு, பழைய பேப்பரில் பெண்களைக் குத்திக் குத்திப் பழக வைத்தேன். ஒரே ஒரு குத்து, அதற்குமேல் குத்தினால் ஓட்டு செல்லாது என்று வீடு வீடாகச் சொன்னேன். பேப்பரில் எல்லோரும் சரியாகவே குத்தினார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் தோட்டக்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தார். அவர் கால் அந்த மண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். என் மனைவியிடம், "நம்மளையும் மனசுல வச்சுக்க தாயி" என்றார். பயந்துவிட்டார் பார், என்று நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். அதிகாரி சீட்டைப் பிரித்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். மண்வெட்டியில் ஒரு முத்திரை அழுத்தமாக விழுந்திருக்கும். குடையின் ஓரத்தில் இன்னொன்று, மங்கலாக.

"செல்லாது" என்பார்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பெரியப்பா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவின் ஓட்டுகள் என் கண்ணெதிரே தனிக் குவியலாகச் சேர்ந்தன. தோட்டக்காரர் ஜெயித்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். என் மனைவி மறைக்கவில்லை.

"ஒண்ணுதான் குத்தணும்னு நீங்க சொன்னீங்கதான். ஆனா நம்ம வாசல் தேடி வந்து கும்பிட்ட மனுசனை எப்படிங்க வெறுங்கையா விடுறது? நம்மாளுக்கு நல்லா அமுக்கிக் குத்திட்டு, அவருக்கு ஓரமா லேசாத்தான் வச்சேன். தெருவே நம்ம பக்கம் நிக்கயில எம் ஒருத்தி ஓட்டுல என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன்."

தெருவில் ஒவ்வொருத்தியும் அப்படியே நினைத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது? பெட்டிக் காலத்தில் சீட்டைப் பிடுங்கினார்கள். அப்போது எதிரி யாரென்று எனக்குத் தெரிந்தது, கத்த முடிந்தது. இப்போது யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஒருவர் ஒரே ஒருமுறை எங்களை மனிதர்களாக மதித்துக் கைகூப்பினார், அதற்கே எங்கள் பெண்கள் வரவேண்டிய கிணற்றைக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு எந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்றேன். கிணற்றடியில் எங்கள் பெண்கள் வழக்கம்போலத் தள்ளி நின்றார்கள். அன்று இறைத்து ஊற்றியது தோட்டக்காரரின் மனைவி. என் மனைவியின் குடத்தை நிரப்பிக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னாள்.

"எங்களுக்கும் ஒரு குத்து குத்துனீங்களாமே. நல்லாருங்க ஆத்தா. இந்தா, தளும்பத் தளும்ப ஊத்துறேன்."

என் மனைவியின் முகம் மலர்ந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றாள். "தொண்டை காஞ்சு கெடக்கீங்க, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று குடத்தைச் சாய்த்தாள்.

இரவெல்லாம் அழுதிருந்தேன். நல்ல தாகம். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் குடித்தேன்.